இரண்டு வரியில் ஒரு சாவு

நீங்க எழுதினது பாதிதான் சரி, தம்பி. கோவிச்சுக்கிடாதீங்க. ஒரு கெழவி போட்ட கார்டை மதிச்சு, திருநெல்வேலியில பஸ் ஏறி அம்பாசமுத்திரம் வரைக்கும் வந்திருக்கீங்க. வந்ததும் வராததுமா குறை சொல்லுதாளேன்னு நெனைக்காதீங்க. அந்த நாற்காலி வேண்டாம், காலு ஆடும். இதுல உக்காருங்க.

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்த உங்க விமர்சனத்தை வெட்டி வச்சிருக்கேன். 'மூன்றாவது தாழ்ப்பாள்', உளவியல் த்ரில்லர்னு அட்டையிலேயே போட்டிருக்கு. நீங்க என்ன எழுதினீங்க? திருப்பமெல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சுபோகுது, நாப்பதாம் பக்கத்துலயே கண்டுபிடிச்சிரலாம். வேகம் ஒரே சீரா இல்ல. மூடுபனிக்கு நூறு பக்கம், புருஷன் சாவுக்கு ரெண்டே வரி. அம்புட்டும் நெசம். படிச்சதும் எனக்குப் பாயசம் குடிச்ச மாதிரி இருந்துது. ஆனா கடைசியில ஒண்ணு எழுதினீங்களே. கணவன் பாத்திரம் மட்டும் உயிரோட வந்திருக்கு, இப்படி ஒரு அன்பான மனுசனை மறக்க முடியாதுன்னு. அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க.

அந்த மனுசன் எங்க வீட்டுக்காரவுக.

எழுதினவ பேரு மிருணாளினின்னு போட்டிருக்கு. அவ பேரு முப்பிடாதி. மூணு வருசம் இந்த வீட்டு மச்சுல குடியிருந்தா. இங்கன ஒரு ஸ்கூல்ல தமிழ் டீச்சர். தனி ஆளு. சாயங்காலம் நான் மச்சுப் படியில போய் உக்காருவேன், அவ காப்பி போட்டுக் குடுப்பா. என் வாழ்க்கையை அந்தப் படியிலதான் அவகிட்ட சொன்னேன். அப்ப வேற யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னாலும் நம்ப மாட்டாங்க. ஏன் நம்ப மாட்டாங்கங்கிறதுதான் கதையே.

நான் டெலிபோன் எக்சேஞ்சில ஆபரேட்டரா இருந்தவ. நம்பர் சுத்துற போன் ஊருக்குள்ள வராத காலம். ரிசீவரை எடுத்தா நான்தான் பேசுவேன். "யக்கா, அரிசி மில்லுக்குப் போடுங்க"ம்பாங்க. நம்பர் சொல்ல மாட்டாங்க, சொல்லத் தேவையில்ல. நானூறு நம்பர் மனப்பாடம். எந்த வீட்டுல யாருக்குப் பிரசவ நேரம், யாரு மகன் எந்த ஊர்ல, அதுவும் தெரியும். செண்பகவடிவு தலைக்குள்ள ஒரு டைரக்டரி இருக்குன்னு ஊரே சொல்லும்.

எங்க வீட்டுக்காரவுக ஆறுமுகநயினார். ஹெச்.எம். சார்னா தெரியாத ஆளு கிடையாது. அதிர்ந்து பேச மாட்டாக. கை நீட்ட மாட்டாக. ஒரு தடவ அவுக ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வந்த அதிகாரி ஒருத்தர் மேடையில என்னைப் பத்திப் பேசினாரு. பரிசு வாசிக்கையில ஹெச்.எம். சாருக்கு அஞ்சு பிள்ளைங்க பேரு மறந்துபோச்சு, அவரு சம்சாரத்தை வாசிக்கச் சொல்லியிருந்தா சீட்டே இல்லாம வாசிச்சிருப்பாங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவுகளும் சிரிச்சாக. வீட்டுக்கு வந்து ஒண்ணுமே சொல்லல.

அதுக்கப்புறம்தான் சாமான் காணாமப்போக ஆரம்பிச்சுது.

முதல்ல மூக்குத்தித் திருகாணி. அப்புறம் பீரோச் சாவி. அடுப்பை அணைச்சு கேஸை மூடிட்டு வருவேன், திரும்பிப் போய்ப் பாத்தா திறந்து கிடக்கும். கண்ணாடியைத் தேடி வீட்டையே புரட்டுவேன், உளுந்து டப்பாவுக்குள்ள இருக்கும். அவுக தேடி எடுத்துக் குடுப்பாக, கோவமே படாம. "பரவாயில்ல ஏளா, வயசானா எல்லாருக்கும்தான்"னு முதுகைத் தடவுவாக. எனக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு. பக்கத்து வீட்டுல, ஸ்கூல்ல, என் ஆபீஸ்ல, எல்லாரிடத்துலயும் மெதுவாச் சொல்லி வச்சாக. பாவம், அவளுக்குக் கொஞ்சம் மறதி, மனசும் சரியில்லன்னு. திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு டாக்டரைப் பாத்தோம். டாக்டர் என்னைக் கேக்கல, அவுகளைத்தான் கேட்டாரு. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. அதைப் போட்டா பகல்லயே கண்ணு சொக்கும். மூணு வருசத்துல வேலையை விட்டேன். நானா எழுதிக் குடுத்தேன் தம்பி. கையெழுத்துப் போடும்போது தேதி என்னன்னு அவுகளைத்தான் கேட்டேன்.

எம் மகன் பால்வண்ணன் அப்படித்தான் வளந்தான். அம்மாவைத் தொந்தரவு பண்ணாத, அம்மாவுக்கு முடியாதுன்னு அப்பா சொல்லச் சொல்லக் கேட்டே வளந்தான்.

பதினாறு வருசம் நான் என்னைக் கோட்டிக்காரின்னு நம்பியிருந்தேன். உங்களுக்குக் கோட்டின்னா தெரியும்லா? பைத்தியம்.

அவுக ரிட்டயராகி ரெண்டாவது வருசம், ஒரு மத்தியானம். மாத்திரை தீந்துபோய் நாலு நாளாச்சு, வாங்கல. கண்ணை மூடிப் படுத்திருக்கேன், ஆனா தூக்கம் இல்ல. பட்டாசல்ல, அதான் இந்த நடுக்கூடத்துல, அவுக வந்து என் தலைமாட்டுல இருந்த கண்ணாடியை எடுத்தாக. அடுக்களைக்குப் போனாக. அரிசிப் பானை மூடி சத்தம் கேட்டுது. திரும்பி வந்து சாய்வு நாற்காலியில உக்காந்து பேப்பரை விரிச்சாக. அந்த மொகத்துல சிரிப்பு இல்ல, கோவம் இல்ல, ஒண்ணும் இல்ல. கடிகாரத்துக்குச் சாவி குடுத்துட்டு வந்த மாதிரி இருந்தாக. கொஞ்சம் கழிச்சு, "ஏளா, எந்திரிச்சாச்சா? கண்ணாடி எங்க வச்ச?"ன்னு கேட்டாக.

நான் தேடினேன். வீடு பூராத் தேடுற மாதிரி நடிச்சேன். அன்னைக்குத்தான் எனக்குக் கோட்டி தெளிஞ்சுது.

இவ்வளவு பண்ணினவருக்கு என்ன மரியாதை, அவுக இவுகன்னுட்டுன்னு நீங்க நெனைக்கலாம். நாக்கு அப்படிப் பழகிட்டுது. முப்பிடாதியும் இதையேதான் கேட்டா.

அவகிட்ட சொன்னப்ப அழுதா. வீட்டை விட்டு வாங்க அக்கான்னா. எங்க போக? எதுக்குப் போக? நான் போனா கோட்டிக்காரி ஓடிப்போனான்னுல்லா சொல்லுவாங்க. நான் போகல. திருப்பி ஆரம்பிச்சேன்.

சித்திரையில ஆரம்பிச்சேன். முதல்ல பேனா மூடி. அப்புறம் செருப்பு. வாசல்ல விட்ட செருப்பைப் பின்கட்டுல கொண்டு வச்சிருவேன். தினக் காலண்டர்ல ஒரு தாளைக் கூடக் கிழிச்சிருவேன். ஒரு கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு ஒரு நாள் முந்திப் போய் நின்னாக பாருங்க, மண்டபத்துல பந்தல்கூடப் போடல. திரும்பி வந்து காலண்டரையே பாத்துக்கிட்டு நின்னாக. "பரவாயில்ல, வயசானா எல்லாருக்கும்தான்"னு சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லுறதுக்கு முன்னால வாயில எச்சி ஊறிச்சு தம்பி. பொய் சொல்லல.

வைகாசியில சட்டைப் பையில சீட்டு எழுதி வச்சுக்கிட ஆரம்பிச்சாக. சீட்டையும் எடுத்து மாத்தி வச்சேன். கடைத்தெருவுல நாலு பேருகிட்ட அவுகளுக்கு மறதி வந்துட்டுதுன்னு வருத்தமாச் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. கோட்டிக்காரி சொல்லுதாளாம்னு சிரிச்சாங்க. அது மட்டும்தான் எனக்குப் பலிக்கல. ஆனா அவுக நம்பினாக. அது போதும்னு இருந்துது. இதெல்லாம் அன்னன்னைக்கு முப்பிடாதிகிட்ட சொல்லுவேன். முதல்ல சிரிச்சா. அப்புறம் சிரிக்கிறதை நிறுத்திட்டா. போதும் அக்கான்னா. ரெண்டு மாசங்கூட ஆகலையே, எனக்குப் பதினாறு வருசம்னேன்.

ஆனியில நடந்ததை அவகிட்டக்கூடச் சொல்லல.

அவுகளுக்கு ரத்தக்கொதிப்பு. காலையில பலகாரம் சாப்பிட்டதும் மாத்திரை போடணும், ஒரு நாளும் விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. ஒருநாள் இட்லி சாப்பிட்டுட்டு மாத்திரை அட்டையைக் கையில வச்சிக்கிட்டு நின்னாக. ரொம்ப நேரம் நின்னாக. அப்புறம் என்னைப் பாத்து, "ஏளா, நான் மாத்திரை போட்டேனா?"ன்னு கேட்டாக.

கல்யாணமாகி முப்பத்தி மூணு வருசத்துல, என் ஞாபகத்தை நம்பி அவுக கேட்ட முதல் கேள்வி அது.

"போட்டாச்சே. நான்தான தண்ணி எடுத்துக் குடுத்தேன்"னேன்.

அட்டையை வச்சிட்டுப் போயிட்டாக. அடுத்த நாளும் கேட்டாக. போட்டாச்சேன்னேன். இருபத்தி மூணு நாள். நான் கையால ஒண்ணும் செய்யல. விஷம் வைக்கல, மாத்திரையை மாத்தல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

இருபத்தி நாலாம் நாள் தோசையைப் பிட்டாக, கையிலிருந்து நழுவிச்சு. மறுபடி எடுத்தாக, மறுபடி நழுவிச்சு. வாய் ஒரு பக்கம் கோணிச்சு. அப்படியே சாஞ்சு தரையில விழுந்தாக. அப்ப மணி பத்தேகால். நான் மச்சுப் படியேறி முப்பிடாதியைக் கூப்பிட்டப்ப ஒண்ணரை.

இடையில என்ன செஞ்சேன்னு கேக்குதீங்க. தலைக்கு ஒரு தலகாணி வச்சேன். பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து சொல்ல ஆரம்பிச்சேன். மூக்குத்தித் திருகாணி, ஐப்பசி ஏழு, செவ்வாக்கிழமை. பீரோச் சாவி, அதே ஐப்பசி இருபத்தொண்ணு. கேஸ், கார்த்திகை பத்து. கண்ணாடி முதல் தடவ, ரெண்டாந் தடவ, மூணாந் தடவ. பதினாறு வருசம், ஒண்ணு விடாம, வரிசை மாறாம. எங்க வச்சிருந்தது, எங்க கிடைச்சுது, அப்ப அவுக என்ன சொன்னாக, யாரு கூட இருந்தா. அவுக கண்ணு திறந்துதான் இருந்துது. என்னையேதான் பாத்துது. கேட்டுதுன்னுதான் நெனைக்கேன். கேட்டிருக்கணும். சொல்லி முடிக்க மூணே கால் மணி நேரம் ஆச்சு. முடிச்சதும் எந்திரிச்சு மொகத்தைக் கழுவிட்டு மேல போனேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சுபோச்சு.

இதைத்தான் தம்பி, அவுகளுக்கு ஆதித்யான்னு பேரு வச்சு, ரெண்டு வரியில எழுதியிருக்கா. 'அன்று மதியம் ஆதித்யாவின் இதயம் நின்றது. மலைமேல் மழை தொடங்கியது.' நாங்க மலைமேலயும் இல்ல, அன்னைக்கு மழையும் இல்ல.

சரி, சாவைச் சுருக்கிட்டா, போகட்டும். கதையை என்ன பண்ணினா? கொடைக்கானல் பங்களா. நந்திதான்னு ஒரு பொண்டாட்டி. சாமான் காணாமப்போகுது. புருஷன்தான் ஒளிச்சு வைக்கான்னு அவ சந்தேகப்படுதா. கடைசியில பாத்தா மச்சுல ரெட்டைப் பிறவித் தங்கச்சி ஒருத்தி ஒளிஞ்சிருக்கா, அவதான் எல்லாத்தையும் செஞ்சா. புருஷன் தங்கமானவன். ரெண்டு பேரையும் காப்பாத்தப் பாத்து உசுரையே விடுதான். பாத்தீங்களா? என் திருகாணி, என் கேஸ், என் அரிசிப் பானை, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா. எடுத்து, அவுகளை நல்லவராக்கிட்டா.

எம் மகன் பத்து காப்பி வாங்கினான். முதல் பக்கத்துல 'அப்பாவின் நினைவாக'ன்னு எழுதிச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுத்தான். எனக்கும் ஒண்ணு குடுத்தான். அப்பா மாதிரியே இருக்காரும்மா, படிக்கப் படிக்க அழுகை வந்துட்டுதுன்னான். அவன் சொல்லித்தான் எனக்கு இந்தப் புஸ்தகமே தெரியும்.

போன மாசம் திருநெல்வேலியில அதுக்கு ஒரு கூட்டம் போட்டாங்க. காலையில பதினோரு மணிக்கு. பஸ் ஏறிப் போனேன். மூணாவது வரிசையில உக்காந்தேன். அவ மேடையில கதர்ச் சேலை கட்டிக்கிட்டு, பெரிய பொட்டு வச்சிக்கிட்டு இருந்தா. என்னைப் பாக்கல. கேள்வி கேக்கலாம்னு சொன்னதும் எந்திரிச்சு மைக்கை வாங்கினேன். எல்லாஞ் செஞ்சது மச்சுல இருக்க தங்கச்சி, கதை அவ்வளவுதான், இனிமே யாரும் துட்டுக் குடுத்து வாங்காதீங்கன்னு சொன்னேன். புஸ்தகத்தோட கழுத்தைத் திருகிட்டதா நெனச்சேன். கூட்டம் சிரிச்சுது தம்பி. எங்களுக்கும் தெரியும் பாட்டின்னு பின்னாலயிருந்து ஒரு பிள்ளை சொல்லுது. கைகூடத் தட்டினாங்க. எல்லாரும் முன்னயே கண்டுபிடிச்ச கதையை நான் எப்படிக் கெடுக்க?

அவ மட்டும் சிரிக்கல. இறங்கி வந்து என் கையைப் பிடிச்சு, மேடைக்குப் பின்னால இருந்த ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனா. கதவைச் சாத்தினா.

ஏண்டி அவுகளை நல்லவராக்கினன்னு கேட்டேன்.

சாத்தின கதவுல சாஞ்சு நின்னா. அப்புறம் சொன்னா: "காலையில தண்ணி எடுக்கக் கீழ வரும்போது, நீங்க போட்டாச்சேன்னு சொல்லுறதை ரெண்டு தடவ கேட்டேன் அக்கா. அட்டையில மாத்திரை குறையவே இல்ல. அதையும் பாத்தேன்."

அங்க கிடந்த நாற்காலியில நான் உக்காந்தேன்.

"அன்னைக்கு நான் லீவு. கீழ நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க. யாரு வந்திருக்காங்கன்னு இறங்கி வந்தேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். திரும்ப மேல ஏறிப் போயிட்டேன். நீங்க கூப்பிடுற வரைக்கும் கட்டில்லயே உக்காந்திருந்தேன்."

அதை அப்படியே எழுதினாளாம். நாப்பது பக்கம். அதுதான் அவ எழுதினதுலயே நல்ல எழுத்தாம். அச்சுக்குக் குடுக்கிறதுக்கு முந்தின வாரம் எடுத்துட்டாளாம். அதான் அந்த இடத்துல ரெண்டு வரி, அதான் மத்த இடமெல்லாம் பனியும் மழையும். நீங்க வேகம் சீரா இல்லன்னு எழுதினீங்களே, அந்தக் குழிதான்.

"அவரு கெட்டவரா இருந்தா உங்களுக்குக் காரணம் வந்திரும் அக்கா. காரணம் இருந்தா யாராவது உங்களைத் தேடி வருவாங்க. அதனாலதான் நல்லவராக்கினேன்"னா. அழுதா.

கட்டிப்பிடிச்சிருக்கணும்னு நெனைக்கீங்களா? எனக்கு ஆத்திரம்தான் வந்துது. என்னைக் காப்பாத்தச் சொல்லி உங்கிட்ட யாரு கேட்டா? பதினாறு வருசம் என்னைக் கோட்டியாக்கின மனுசனுக்கு முந்நூறு பக்கத்துல மாலை போட்டிருக்க. அவுக செத்தும் ஜெயிச்சுட்டாக, உன் கையாலன்னேன். அந்த நாப்பது பக்கத்தைக் குடுன்னேன். எரிச்சுட்டேன்னா. நெசமா பொய்யா, அவளுக்குத்தான் தெரியும். சொன்னா உங்க மகனை இழந்திருவீங்கன்னா. அவன் எனக்கு எப்பக் கிடைச்சான், இழக்கிறதுக்குன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

அஞ்சு நாளைக்கு முன்னாலதான் மகனுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். திருகாணியிலிருந்து தோசை வரைக்கும். ஒரு வார்த்தைகூட குறுக்க பேசாமக் கேட்டான். அழுவான், இல்ல திட்டுவான், போலீசுக்குப் போவேம்பான்னு காத்திருந்தேன். எதுக்கும் தயாராத்தான் இருந்தேன்.

"அம்மா, அந்தக் கதையை ரொம்பப் படிச்சிட்டீங்க"ன்னான். மெதுவா, கோவமே இல்லாம. "பரவாயில்லம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அந்தத் திருநெல்வேலி டாக்டரை ஒரு தடவ பாத்துட்டு வந்திருவோம்."

அச்சு அசலா அவுக குரல்.

அதான் உங்களுக்குக் கார்டு போட்டேன். அந்தப் புஸ்தகம் சரியில்லன்னு தைரியமா எழுதினது நீங்க ஒருத்தர்தான். இதையும் எழுதுவீங்கன்னு நெனச்சேன். ஆனா நோட்டை மூடிட்டீங்களே. என்னது? முப்பிடாதிகிட்ட முன்னாலயே போன்ல கேட்டீங்களா? என்ன சொன்னா?

அந்த அம்மாவுக்கு உடம்பு முடியல, பாத்துப் பேசுங்கன்னு சொன்னாளா.

சரி.

சொல்லுவா. அவ நல்லவ. என்மேல உசுரு அவளுக்கு. நீங்க சங்கடப்படாதீங்க தம்பி, அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாம். நானும் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை மகன் கூப்பிட்டா மறுக்காமப் போகப் போறேன். நல்ல சேலையா ஒண்ணை எடுத்து வச்சிருக்கேன். அங்க போனா டாக்டர் ஒரு சீட்டு போட்டு, நான் சொல்லுறதை எழுதித்தான ஆகணும்? கோட்டி உளறுதுன்னு நெனச்சாலும் எழுதித்தான ஆகணும்? அந்தச் சீட்டுல முதல்லயே கணவர் பேருன்னு ஒரு இடம் விட்டிருப்பாங்க. அங்கன இருந்து ஆரம்பிக்கப் போறேன்.